முதல் நாள் குளியல்

நர்ஸம்மா,

பக்கத்து வீட்டில் தைல மர இலை போட்டுத் தண்ணீர் கொதிக்க வைத்தார்கள். அந்த வாசம் வந்ததுமே உங்கள் நினைப்பும் வந்துவிட்டது. நேற்று ராத்திரி வீட்டிலேயே பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டித் தரச்சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள்.

எழுபதுகளின் கடைசியில் நீங்கள் எங்கள் மலையூர் மன்னவனூருக்கு வந்தபோது எனக்கு உங்களைப் பிடிக்கவில்லை. நான் பஸ் போர்டைப் பார்த்து எழுத்துக் கூட்டப் பழகியவள். பார்த்துப் பார்த்தே பிரசவமும் கற்றவள். பிறந்ததும் குளிப்பாட்டினால்தான் தீட்டுப் போகும், பிறகுதான் வீட்டார் தொடுவார்கள். நீங்களோ முதல் நாள் தண்ணீரே கூடாது என்றீர்கள்.

என் தங்கைக்கு உங்கள் ஹெல்த் சென்டரில்தான் பெண் பிறந்தது. ஐப்பசி மழை. ஒழுகும் ஓடு, கதவில்லாத ஜன்னல், ஒரு அடுப்புகூடக் கிடையாது. அவளுக்கு உதிரம் நிற்காமல் நீங்கள் போராடிக்கொண்டிருந்தபோது, வீட்டிலிருந்து கொண்டுவந்து ஆறிப்போயிருந்த தைல இலைத் தண்ணீரில் பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டேன். அழுகை நின்றது. உதடு நீலமாகிவிட்டது.

"என்னக்கா செஞ்சு வச்சிருக்கீங்க!" என்று கத்தினீர்கள். பிள்ளையைத் துடைத்து என் ரவிக்கைக்குள் வைத்துக் கம்பளியைச் சுற்றினீர்கள். "சூட்டை எடுத்தது நீங்கதானே? நீங்களே குடுங்க."

"எனக்கு வீட்ல சோலி கெடக்கு," என்றேன், பயத்தை மறைக்க.

"இப்ப உங்க சோலி இதுதாங்க. அசையாதீங்க."

மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். நெஞ்சில் ஐஸ்கட்டி மாதிரி இரண்டு பாதங்கள். பிறகு அழுதாள். தங்கையும் பிழைத்தாள்.

ஊரில் மாற்றிச் சொன்னேன். சென்டர் குளிரில் பிள்ளை விறைத்தது, நான்தான் காப்பாற்றினேன் என்றேன். நம்பினார்கள். அதன்பின் யாரும் உங்களிடம் வரவில்லை. நீங்களும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மாற்றலாகிப் போன அன்று பஸ் ஜன்னலிலிருந்து, "அக்கா, தொடச்சாப் போதும்," என்றீர்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்தத் தை மாதம் என் கையால் குளித்த இன்னொரு பிள்ளை தங்கவில்லை. அதோடு குளிப்பாட்டுவதை நிறுத்தினேன். ஏன் என்று நேற்றுவரை யாருக்கும் சொன்னதில்லை.

நீங்கள் இறந்துபோன செய்தி போன மாதம் வந்தது. இனிச் சண்டை போடவும் ஆளில்லை. அடுப்பில்லாத இடத்தில் பிரசவம் பார்க்கச் சொன்ன சர்க்கார் மேல் எனக்குள்ள கோபம் போகாது. அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். மற்றதில் நீங்கள்தான் சரி.

பக்கத்து வீட்டுக்குப் போய், "தண்ணி வேணாம், தொடச்சாப் போதும்," என்றேன்.

"நீங்க என்ன பெரிய டாக்டரா?" என்று அந்த வீட்டுக்காரி சிரித்தாள்.

"நான் குளிப்பாட்டி ஒண்ணு செத்துப் போச்சு," என்றேன்.

சிரிப்பு நின்றது. பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு வைத்துப் போர்த்திவிட்டு வந்தேன். என் ரவிக்கைக்குள் அன்றைய அந்த இரண்டு பாதங்களின் சில்லிப்பு மட்டும் இன்னும் போகவில்லை.