வெட்டாமல் விட்ட வால்

டனீடன்,
அக்டோபர், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மலாக்கி,

நான் நலம். நீயும் உன் அக்கா சியெனியும் அவர் மகள் லோசாக்குட்டியும் நலமாக இருக்க வேண்டும். கைபேசியில் சொல்லாமல் இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உங்கள் வீட்டில் உன் கைபேசி பொதுச்சொத்து. நான் எதை அனுப்பினாலும் சியெனிதான் முதலில் படிப்பார். இதை அவர் முதலில் படிக்கக் கூடாது. நம் ஆய்வகத்தில் குடுவை கழுவும் புலோ அம்மா வியாழக்கிழமை உங்கள் ஊர் ஆப்பியாவுக்கு வருகிறார். "அவன் கையிலதான் குடுப்பேன், அவங்கக்கா கண்ணீர் விட்டாலும் தரமாட்டேன், போதுமா?" என்று சலித்துக்கொண்டேதான் வாங்கிக்கொண்டார். தனியாக உட்கார்ந்து படி.

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. உன் மேசைச் செடி பிழைத்துக் கிடக்கிறது.

வரும் ஞாயிறு, குழந்தைகள் ஞாயிறன்று, சபையில் நீ பேசப்போவதை எனக்கு அனுப்பியிருந்தாய். அழகாகத்தான் எழுதியிருக்கிறாய். உயிரணுவுக்குள் புரதங்களின் மேல் ஒட்டும் பாஸ்பேட் ஒரு சைகை. அதை நேரத்துக்குக் கழற்ற மூன்று பேர் கொண்ட ஒரு குழு உண்டு. ஒருவர் தாங்குவார், ஒருவர் கழற்றுவார், மூன்றாமவர் கழற்ற வேண்டிய ஆளைப் பிடித்து வைப்பார். லோசாவுக்கு அந்த மூன்றாமவரில்தான் பிறவியிலேயே ஒரு பிழை. இதுவரை எல்லாம் சரி. அடுத்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. "பிழை இருந்தும் அவர் பிடிக்கிறார், நாங்கள் கண்ணால் பார்த்தோம்" என்று எழுதியிருக்கிறாய்.

மலாக்கி, நாம் பார்த்தது அது இல்லை.

நம் கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன் வெறும் படிகம் ஒன்றையும் பார்த்துவிடு என்று நம் ஆய்வகத் தலைவர் எய்ல்சா சொல்லியிருந்தார். லோசாவின் பிழையுள்ள அதே புரதம். அது பிடிக்க வேண்டிய ஆளின் துண்டை நான் சேர்க்கவே இல்லை. பிடிக்கும் பள்ளம் காலியாக இருந்திருக்க வேண்டும். நிறைந்திருந்தது. யாரையும் அழைக்காத வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தது போல இருந்தது.

அது வால். சுத்திகரிக்கும்போது பிடித்து இழுப்பதற்காகப் புரதத்தின் நுனியில் நாம் சேர்த்த அதே வால். வெட்டினால் புரதம் கட்டிதட்டுகிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்தோமே, நினைவிருக்கிறதா? படிகத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும்போது, பக்கத்துப் புரதத்தின் வால் வந்து இந்தப் பள்ளத்தில் படுத்துக்கொண்டது. நாமும் அதைத் துண்டு என்று நம்பி, வந்துவிட்டான் வந்துவிட்டான் என்று கொண்டாடினோம். நீ சுட்டு வந்த தேங்காய்ப்பால் பன்களை மாடி முழுக்கத் தின்றாயிற்று. "கட்டுரைய அனுப்பாம நிறுத்திக்கலாம் மெரன், பன்ன எப்படித் திரும்ப வாங்குவீங்க?" என்று பக்கத்து ஆய்வகத்து யூவர்ட் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது, தேநீரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

எய்ல்சா கோபப்படவில்லை. "நாமளே கண்டுபிடிச்சோமே, அத நெனச்சு சந்தோஷப்படு" என்றார். அவருக்குத் தவறியது ஒரு கட்டுரை. சியெனிக்கு அப்படியா? ஞாயிறு நீ பேசியதும் திங்களன்று பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, மருந்து வரும் ஊரிலேயே இருக்கலாம் என்று லோசாவைத் தூக்கிக்கொண்டு இங்கே வரப்போகிறார் என்றாயே. இங்கே மருந்து வரவில்லை, மலாக்கி. பிடித்தால்தான் மருந்துக்கே வழி என்பது உனக்குத் தெரியாததா?

நீ கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். வாலை வெட்டி, கட்டிதட்டாமல் தேறிய கொஞ்சத்தை வைத்துச் சோதித்தேன். பிழையில்லாத புரதம் துண்டைப் பிடித்தது. லோசாவினுடையது பிடிக்கவில்லை. ஒருமுறைதான் செய்திருக்கிறேன். ஒருமுறை செய்ததை நீ எப்போதும் நம்பமாட்டாய், இதையும் நம்பாதே. புதிதாகத் தயாரித்து மறுபடி செய்கிறேன். நான் வேண்டாத சாமி இல்லை.

உன் மேல் எனக்குக் கோபமில்லை. அவசரப்பட்டது நீ மட்டும் இல்லை. எனக்கும் லோசா என்றால் உயிர்தான்.

புலோ அம்மா கொண்டுவரும் பொட்டலத்தில் அவளுக்கு வெள்ளைச் சப்பாத்து இருக்கிறது. காலைத் தாங்கக் கட்டும் பட்டையோடு நுழையும்படி அகலமாகப் பார்த்து வாங்கினேன். மற்றக் குழந்தைகள் வசனம் சொல்லும்போது அவள் வரிசையில் நிற்க வேண்டும் என்று சியெனிக்கு எவ்வளவு ஆசை. அவளால் தனியாக நிற்க முடியாது. பேச மேடை ஏறாதே. அவள் பின்னால் போய் நின்று இரண்டு தோளையும் பிடித்துக்கொள். குழந்தைகள் முதலில் உண்ணும் அன்றைய சாப்பாட்டில் முதல் தட்டு அவளுக்கு வை.

சியெனியிடம் திங்களுக்குள் நீயே உண்மையைச் சொல்லிவிடு. என்னைத் திட்டச் சொல், கேட்டுக்கொள்கிறேன். வேலையை மட்டும் விட வேண்டாம் என்று அவர் காலில் விழுந்தாவது சொல். ஞாயிறு முழுக்க லோசா விழாமல் நிற்கட்டும்.

உன் தோழி,
மெரன்