கீழே வைத்த அளவு

நேற்று மாலை சைக்கிளின் பின்சக்கரம் கோணிப்போய், அம்மாமண்டபம் சாலைக் கடையில் கொண்டுபோய் விட்டேன். கடைக்காரர் சக்கரத்தைப் பிரித்து ஸ்போக் கம்பிகளை உருவி, ஒரு பழைய கம்பளித் துணிமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டே வந்தார். ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டும் அடுத்தது பின்னால் ஒதுங்கியும் கம்பிகளின் முனைகள் மேடும் பள்ளமுமாக நின்றன. கிரீஸும் துருவும் கலந்த வாசனை வேறு. "உக்காருங்க சாமி, இதோ ஆயிடும்" என்றார். உட்கார முடியவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்கு நடந்தே வந்துவிட்டேன். ஐயர் எதற்கோ கோவித்துக்கொண்டு போகிறார் என்று அவர் நினைத்திருப்பார். அவரைப் பொறுத்தவரை நான் ஐயர்தான், ஐயங்கார் என்று திருத்துவதை விட்டு நெடுநாளாகிறது.

உனக்குச் சொன்னால் உடனே புரிந்திருக்கும். அதே மாதிரிக் கம்பிகளை வெட்டித்தானே நீ அந்தச் சீப்பைச் செய்தாய். அதற்கு வேறு பெயர் உண்டோ என்னவோ, நாம் சீப்பு என்றே சொன்னோம். இரண்டு தேக்குச் சட்டம், இரண்டுக்கும் நடுவே கம்பளித் துணி, துணியின் இறுக்கத்தில் நெருக்கமாய்ச் செருகிய கம்பிகள், அவ்வளவுதான். நேராக வராத எந்த உருவத்தின் மேலும் அதை வைத்து அழுத்தினால், மேடு இருக்கிற இடத்தில் கம்பி பின்வாங்கும், பள்ளம் இருக்கிற இடத்தில் நீட்டியபடி நிற்கும். எடுத்து அட்டைமேல் வைத்து முனைகளை ஒட்டிப் பென்சிலால் கோடு இழுத்தால், அந்த உருவத்தின் ஓரம் அப்படியே வந்துவிடும்.

முதலில் என் முகத்தில்தான் வைத்துப் பார்த்தாய். மலைக்கோட்டைக்குக் கீழே, சந்துக்குள் இருந்த உன் மாமனாரின் பாத்திரப் பட்டறை. நெற்றியிலிருந்து மோவாய் வரை சீப்பை அழுத்தி, "அசையாத, அசையாத" என்று அதட்டினாய். பிறகு கோடு போட்ட அட்டையைத் தூரமாய்ப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த மூக்க வச்சுக்கிட்டா பொண்ணு பாக்கப் போன? அந்தப் பொண்ணுக்குக் கண்ணு கொஞ்சம் மட்டமோ?" என்றாய். செம்பில் வெந்நீர்க் கொதிகலம் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. ஹைஸ்கூலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, என் தூக்கிலிருந்து புளியோதரையை நீயும் நானும் ஒரே நேரத்தில் அள்ளித் தின்றவர்கள். உன் கேலி எனக்குப் புதிதில்லை.

அப்பா உடம்பு முடியாமல் படுத்ததும் ஆஞ்சநேயர் கோயில் கைங்கரியம் என் கைக்கு வந்திருந்தது. கொள்ளிடம் போகிற வழியில் இருக்கிற சின்னக் கோயில். காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த ஒருவர், வேண்டுதல் பலித்தது என்று சுவாமிக்குக் கவசம் செய்து சாற்ற ஆசைப்பட்டார். செம்புத் தகட்டில் அடித்து வெள்ளி முலாம் பூச வேண்டும். உன் பெயரைச் சொன்னவன் நான்தான். மாமனாரின் நிழலில் இல்லாமல் நீ தனியாக எடுத்த முதல் வேலை அது. "இது மட்டும் சரியா உக்காந்துடட்டும். தனிப் பட்டறை போட்டுடுவேன். கோயில் வேலையத் தவிர வேற எதையும் தொட மாட்டேன்" என்று சொன்னாய். அதைச் சொல்லும்போது உன் குரலில் கேலியே இல்லை. எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது.

மூலவர் திருமேனி லேசான வேலை இல்லை. எத்தனையோ தலைமுறையாய்த் தடவிய எண்ணெயும் சாற்றிய வெண்ணெயும் ஏறி ஏறிக் கல் மழுங்கியிருந்தது. வாய்ப்பகுதி முன்னால் துருத்திக்கொண்டு, ஒரு கன்னம் மற்றதைவிடச் சற்றுப் பருத்து இருக்கும். நீ கருவறைக்குள் வரமுடியாது. அளவை நான்தான் எடுத்துத் தரவேண்டும். அதற்காகத்தான் சீப்பு.

"இரும்பு சுவாமி மேல படப்படாதுடா" என்றேன். நீ மறு பேச்சுப் பேசாமல் பித்தளைக் கம்பியில் புதிதாய் ஒன்று செய்து எடுத்து வந்தாய். கொடுக்கும்போது எச்சரித்தாய். "இரும்புக் கம்பி சொரசொரன்னு துணிய நல்லாப் புடிச்சுக்கும். பித்தள வழுவழுன்னு இருக்கு, லேசாத் தட்டினாலே நகந்துடும். அழுத்தி எடுத்தா ரெண்டு கையாலயும் ஏந்தி என் கையில குடு. கீழ மட்டும் வச்சிடாத." இதைவிடத் தெளிவாக ஒருவன் எப்படிச் சொல்வான்?

அளவெடுத்த அன்று விடிகாலையில் கோயிலில் நாம் இருவர் மட்டும். நான் ஈர வேட்டியோடு உள்ளே, நீ வாசற்படிக்கு வெளியே அட்டைகளோடு. தோள், மார்பு, வளைந்து மேலேறும் வால், திருவடி என்று ஒவ்வொன்றாய் அழுத்தி எடுத்து உன் கையில் கொடுத்தேன். என் விரல் உன் விரலில் பட்டது. பட்டால் என்ன, வேலை முடிந்ததும் கிணற்றடியில் இன்னொரு முழுக்குப் போட்டுக்கொண்டு திருமஞ்சனத்தைத் தொடங்கலாம் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். அது தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. யாரும் பார்க்கவில்லை என்பதால் தோன்றவில்லை என்று இப்போது சொல்வேன்.

கடைசியாகத் திருமுகம். அதை வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோது தர்மகர்த்தாவும் மண்டிக்காரரும் வந்து உன் பின்னால் நின்றார்கள். நான் சீப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு திரும்பினேன். நீ இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாய். உன் தோளுக்கு மேலே தர்மகர்த்தாவின் முகம். நான் குனிந்து சீப்பை வாசற்படிக் கல்லில் வைத்தேன்.

யோசித்துச் செய்ததல்ல. மடியாக இருக்கிறவன் எதையும் இன்னொருவர் கையில் கொடுப்பதில்லை, கீழே வைப்பான், அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பிறந்ததிலிருந்து பார்த்த பழக்கம். மெதுவாகத்தான் வைத்தேன். ஆனாலும் கல்லில் 'கிண்' என்று ஒரு சத்தம் கேட்டது. நீ கையை மடக்கிக்கொண்டாய். குனிந்து எடுத்துப் பார்த்துவிட்டு, "சாமி, இது மட்டும் இன்னொரு தடவ எடுத்துடலாங்களா?" என்றாய். மற்றவர்கள் முன்னால் நீ என்னை 'சாமி' என்றுதான் கூப்பிடுவாய். தர்மகர்த்தா குறுக்கிட்டார். "திரும்பத் திரும்பச் சுவாமி திருமுகத்துல இதை வச்சு அழுத்தறதாவது. எடுத்தது போறும்." நீ என்னைப் பார்த்தாய். எடுத்துக் கொடுக்கிறேன் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் நடந்திருக்கும். சொல்லவில்லை. நீ அட்டையை விரித்துக் கோடு போட உட்கார்ந்தாய்.

அனுமத் ஜெயந்தியன்று வெளியே நல்ல கூட்டம். திரைக்கு உள்ளே நான் கவசத்தை ஒவ்வொரு பாகமாய்ச் சாற்றினேன். தோளும் மார்பும் திருவடியும் அப்படி அமைந்தன. கல்லுக்கும் செம்புக்கும் நடுவே நூல் நுழையாது. முகம் மட்டும் உட்காரவில்லை. மேலே அழுத்தினால் கீழே தூக்கியது, கீழே அழுத்தினால் நெற்றியில் இடைவெளி விழுந்தது. வெளியே மேளம் ஒரு சுற்று வாசித்து ஓய்ந்து, மறுபடி தொடங்கியது. கடைசியில் கவசம் முழுவதையும் களைந்துவிட்டு, வஸ்திரமும் வெற்றிலை மாலையும் வடைமாலையும் சாற்றித் திரையை விலக்கினேன்.

முன்வரிசையில் மண்டிக்காரரின் தாயார் நின்றிருந்தார். "சுவாமி ஏத்துக்கல" என்றார். சத்தமாய்க்கூடச் சொல்லவில்லை. கோயில் வேலை செய்கிறவனுக்கு அதைவிட மோசமான சொல் கிடையாது. வேலை சரியில்லை என்றால் திருத்தலாம், சுவாமியே அவன் கையை வேண்டாம் என்றால் எதைத் திருத்துவது? நீ தூணோரமாய், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றாய்.

நான் வெளியே வந்து எல்லோரும் கேட்கும்படி சொன்னேன். "தப்பு அவன் மேல இல்லை. என் மேல. அளவெடுத்த சீப்பைக் கையில குடுக்காம கீழே வச்சுட்டேன். கம்பி நகர்ந்துடுத்து." என் வாழ்நாளில் அவ்வளவு பேர் முன்னால் நான் பேசியது அதுதான் முதல் தடவை. பேசி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. அந்த லேசு தர்மகர்த்தா வாயைத் திறக்கும் வரைதான்.

அவர் என் தோள் பக்கமாய்க் குனிந்து, கனிவாகச் சொன்னார்: "கூடப் படிச்சவன்னு நீங்க தாங்கறேள். உங்க மனசு யாருக்கு வரும்?" மண்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுவாமியைத் தினமும் தொடுகிற கை தப்பு செய்யும் என்று அங்கே ஒருவரும் நம்பத் தயாராக இல்லை. நான் மறுபடி சொன்னேன். சொல்லச் சொல்ல என் பெருந்தன்மைதான் வளர்ந்தது. "பட்டரே பழியை ஏத்துக்கறார்னா, அந்தாளு எவ்வளவு மோசமாப் பண்ணியிருக்கணும்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னது உன் காதிலும் விழுந்திருக்கும். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்கூட உனக்கு அத்தனை கெடுதல் வந்திருக்காது. உண்மையைச் சொல்லி உன்னைக் கெடுத்தேன். இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"முகத்த மட்டும் திரும்ப அடிச்சுத் தரேங்க" என்று நீ கேட்டாய். சுவாமி வேண்டாமென்று களைந்ததைத் திரும்பச் சாற்றக்கூடாது என்றுவிட்டார்கள். வேறு ஊரிலிருந்து ஒருவர் வந்து புதுக் கவசம் செய்தார். அவர் அளவே எடுக்கவில்லை, தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் தாராளமாய் அடித்துக்கொண்டு வந்தார். எந்தக் கல்லுக்கும் பொருந்தும் கவசம் அது. சனிக்கிழமைதோறும் உள்ளே துணியைத் திணித்து, இடைவெளியைத் துளசியால் மறைத்து அதைத்தான் சாற்றுகிறேன். சேவிக்க வருகிறவர்கள் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது என்று மெச்சுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மலைக்கோட்டைச் சந்துகளில் பேச்சுப் பரவ நேரமாகவில்லை. எந்தக் கோயிலும் உன்னைக் கூப்பிடவில்லை. மாமனாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். நீ அரியமங்கலத்தில் ஒரு ஒர்க்ஷாப்பில் சேர்ந்து லாரி மட்கார்டுகளை அடித்து நிமிர்த்தத் தொடங்கினாய். நான் பஸ் பிடித்துப் பார்க்க வந்தேன். நசுங்காத பக்கத்து மட்கார்டில் சீப்பை வைத்து வளைவை எடுத்து, நசுங்கியதை அதற்குச் சரியாய்க் கொண்டுவந்துகொண்டிருந்தாய். டிரைவர்கள் உன்னைத் தேடி வந்து நின்றார்கள். என்னைப் பார்த்ததும் சிரித்தாய். "வாடா. லாரிக்கு மடி கிடையாது பாரு, எத்தன தடவ வேணா அளவெடுக்கலாம்." நீ குத்திக் காட்டினாயா, வெறும் கேலியா? கேலி என்றுதான் நினைக்கிறேன். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்தபோதெல்லாம் நான் அந்தப் பேச்சை எடுப்பேன், நீ தள்ளிவிடுவாய். ஒருநாள் மட்டும் கையிலிருந்த சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டாய். "நான் அன்னிக்கே பாத்தேன்டா. கம்பி நகந்த மாதிரி எனக்குத் தெரியல. ஒரு சந்தேகத்துக்குத்தான் இன்னொரு தடவ எடுக்கலாமான்னு கேட்டேன். அடிக்கறப்பதான் எனக்குக் கை தப்பியிருக்குமோ?" நான் பதறிப்போய், சத்தம் கேட்டது, நகர்ந்தது, நான்தான் வைத்தேன் என்றெல்லாம் அடுக்கினேன். நீ என்னைப் பார்த்த பார்வை தர்மகர்த்தா பார்த்த அதே பார்வை. "சரி, விடு" என்றாய். ஊரே சொன்னதைத் தனியாளாக எத்தனை வருஷம் மறுத்துக்கொண்டிருப்பாய்?

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. கோயிலில் திருவிழா நேரம், எனக்குத் தகவலே தாமதமாய் வந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் உன் வீட்டுக்கு வந்தேன். உன் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"கடைசி வரைக்கும் உங்களப் பத்திதாங்க பேச்சு. 'நான் செஞ்ச தப்புக்கு அவன் அத்தன பேரு முன்னால பழிய ஏத்துக்கிட்டான்மா, அந்தக் கடன நான் எங்க போயித் தீக்கறது'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

"இல்லம்மா" என்றேன். "அவன் ஒரு தப்பும் பண்ணலை. கையை நீட்டிண்டு நின்னான். நான் குடுக்காம கீழே வச்சேன். அவன் கை தப்பவே இல்லை. இது சத்தியம்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா, அப்பா சொன்னாருல்ல? கேட்டா இப்படித்தான் சொல்லுவாருன்னு." பிறகு என்னிடம், "புள்ளைங்கள ஆசீர்வாதம் பண்ணுங்க சாமி" என்றாள். அவர்கள் வரிசையாய் என் காலில் விழுந்தார்கள். நன்னா இருங்கோ என்றேன்.

நீயே அப்படி நம்பிக்கொண்டு போய்விட்டாய். உன் கை சரியாகத்தான் அடித்தது என்று நம்புகிறவன் இப்போது நான் ஒருவன்தான் மிச்சம்.