டீச்சர், அம்புக்குறி தப்பு

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீயும் நன்றாக இருப்பாய் என்று அடுத்த வரி எழுதத்தான் கை வரவில்லை. போனில் கேட்டால் சாப்பிட்டேன்மா என்று ஒரே பல்லவி. மாப்பிள்ளை நேற்று தனியாகக் கூப்பிட்டார், அப்பா போன நாளிலிருந்து நீ தட்டை அளைந்துவிட்டு எழுந்துபோகிறாயாம், சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டதாம். அவர்மேல் பாயாதே, பாவம், அழாத குறையாகச் சொன்னார். கடைசியாக அப்பா முகத்தைப் பார்க்க வர முடியவில்லையே என்று உன்னை நீயே தண்டித்துக்கொள்கிறாய், எனக்குத் தெரியாதா? போன் என்றால் பட்டென்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

இங்கே குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, நாளைக்கு வருகிறேன் என்ற ஆள் இன்னும் வந்துகொண்டே இருக்கிறான். அடுப்படிக்குள் போகவே பிடிக்கவில்லை, எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று இந்த வயதில் திறந்து திறந்து பார்க்கிறேன். நான் விடைத்தாளும் கையுமாக உட்கார்ந்திருக்க, பட்டறையிலிருந்து வந்து கையைக் கழுவி உன் அப்பாதானே சமைப்பார். டீச்சரம்மாவுக்கு வாய்தான் வேலை செய்யும் என்று கிண்டல் வேறு. அந்தக் கிண்டலைக் கேட்க ஆளில்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

ஏழாம் வகுப்புக்கு இப்போது உணவுச் சங்கிலிப் பாடம். சூரியன், புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு. ஒவ்வொரு படியிலும் ஆற்றலில் பெரும்பங்கு வெப்பமாக வெளியே போய்விடும், மிச்சம் கொஞ்சம்தான் அடுத்ததற்கு. வழக்கம்போல வாளித் தண்ணீரை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு ஊற்றச் சொன்னேன், பாம்பாக நின்றவனுக்கு நாலு சொட்டுதான் வந்தது, வகுப்பெல்லாம் ஒரே சிரிப்பு. பிறகு பலகையில் படம் வரைந்தேன். வெப்பம் என்று எழுதி, அதிலிருந்து ஓர் அம்புக்குறியைப் புல்லுக்கே திருப்பிப் போட்டிருக்கிறேன். வருஷா வருஷம் பிள்ளைகள் செய்கிற தப்பு, நான் சிவப்பு மையால் சுழித்துத் தள்ளுகிற தப்பு. முன்வரிசையில் வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து, "டீச்சர், அம்புக்குறி தப்பு. போன சூடு திரும்பி வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். அன்று ஆஸ்பத்திரியில் அப்பாவின் உள்ளங்கையை நான் தேய்க்கத் தேய்க்க, அது ஆறிக்கொண்டே போனது ஞாபகம் வந்துவிட்டது. ஆமாம்மா, வராது என்று அழித்தேன். பலகையைத் துடைக்கிற சாக்கில் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் பாடத்தின் மறுபாதி. ஆற்றல் ஒருவழிப் பாதை, பொருள் அப்படியில்லை; மண், செடி, உடம்பு, மறுபடி மண் என்று இடம் மாறுமே தவிரத் தொலையாது. "அப்போ நாம சாப்பிட்டதுதான் நாமளா டீச்சர்?" என்று அதே பெண் கேட்டாள். உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். நீ என்னைவிடப் படித்தவள், உடம்பில் முக்கால்வாசி மாறிக்கொண்டே இருக்கும் என்று வாதாடுவாய். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பல்லின் மேல்பூச்சு மாறாது, சின்ன வயதில் கட்டியது கட்டியதுதான். அந்த வயதில் உனக்கு ஊட்டியது நான் இல்லையடி. நீ வாயை இறுக்கி மூடிக்கொள்ள, ஒரு கையில் கிண்ணத்தோடு வீடு முழுக்கத் துரத்தி, மறுகையால் உன் தாடையைப் பிடித்து ஊட்டியவர் அப்பா. அவர் கைச்சூட்டை என்னால் உனக்குத் தர முடியாது, எனக்கே அது இல்லை. ஆனால் அவர் ஊட்டியது உன் வாயில் இருக்கிறது.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடியில்லாமல் நெடுநாள் நன்றாக இருக்கவேண்டும், அப்பாவின் ஆசியும் இதில் சேர்ந்ததுதான். மாப்பிள்ளையிடம் சிடுசிடுக்காதே. இன்று நானே சமைத்தேன், அடிபிடித்துவிட்டது, அழுதுகொண்டே சாப்பிட்டு முடித்தேன். நீயும் அழு, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அழுதுகொண்டே சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா