ஐந்நூறு லெய் பத்திரம்

என் பிடிவாதக்காரனுக்கு,

இத்தாலியில், அந்த டூரினில் கட்டட வேலை எப்படிப் போகிறது? இங்கே ருமேனியாவில், நம் யாஷியில் பனி உருகிவிட்டது.

சனிக்கிழமை நானும் பேக்கரியில் என்னோடு வேலை செய்யும் சாவேட்டாவும் தபால் நிலையத்தில் அரசுப் பத்திரம் வாங்கினோம். பயப்படாதே. நம் சேமிப்பை விழுங்கிய உன் நண்பனைப்போல மூன்றே மாதத்தில் பணத்தை இரட்டிப்பாக்குவதாக யாரும் சொல்லவில்லை. அந்தப் பேச்சை நான் மறுபடி எடுக்கப் போவதும் இல்லை. ஓராண்டுக்குக் கொஞ்சம் வட்டி, அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் நின்றவர் இருபதாயிரம் போட்டார். என் முறை வந்ததும் குரலைத் தாழ்த்தி, "ஐந்நூறு லெய்தாங்க" என்றேன்.

"ஏம்மா ரகசியம் மாதிரி சொல்றீங்க? அரசாங்கம் உங்ககிட்ட கடன் கேக்குது. கொடுக்கிறவங்க நிமிந்து நில்லுங்க!" என்றாள் கவுன்டரில் இருந்த பெண்.

வெளியே வந்ததும் சாவேட்டா, "இனிமே மந்திரி நம்மளப் பாத்தா வேற தெருவுல பதுங்கிப் போவாருடி!" என்றாள். பேருந்து நிறுத்தத்தில் வயிறு வலிக்கச் சிரித்தோம். நீ போன இந்த இரண்டு வருடத்தில் நான் அப்படிச் சிரித்ததே இல்லை.

அடுத்த ஈஸ்டருக்குப் பத்திரம் முதிரும்போது நீயும் கையெழுத்திட வேண்டும் என்று பொய் எழுத நினைத்தேன். அப்படி விதி எதுவும் இல்லை. கையெழுத்தும் வேண்டாம், ஓராண்டுக் காத்திருப்பும் வேண்டாம். போன பணம் போகட்டும்; அதைச் சம்பாதித்த பிறகுதான் திரும்புவேன் என்ற பிடிவாதத்தை விடு. இந்த ஈஸ்டருக்கே வீட்டுக்கு வா.

உன்னவள்