இவண் யார்

ஜூலை 21, திங்கள்

ஓர் இணையதளம் உண்மையானதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே வஹீதா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

புத்தகம் என்றால் சொல்லிவிடுவேன். முதல் இரண்டு பக்கங்களைப் புரட்டினால் போதும்: யார் எழுதியது, யார் வெளியிட்டது, நம்பலாமா. கல்லூரி நூலகத்தில் இத்தனை வருடம் அதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இதற்கு மட்டும், "சந்தேகமா இருந்தா தொடாதீங்க" என்றேன்.

"எல்லாமே சந்தேகமாத்தான் மேடம் இருக்கு."

அலுவலகக் கணக்குப் பிரிவில் இருப்பவர். சந்தேகம் அவருக்குத் தொழில்.

பேச்சு வந்தது லூர்துராணியால். பெண்கள் விடுதிக் காப்பாளர். உங்கள் மெயில் நிரம்பிவிட்டது என்று ஏதோ வந்திருக்கிறது, கல்லூரிச் சின்னம் போட்ட பக்கம் திறந்திருக்கிறது, பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார். இன்று காலையிலிருந்து அவர் பெயரில் எல்லோருக்கும் கண்டகண்ட மெயில். முதல்வர் என்னைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை ஊழியர்களுக்கு இதுபற்றி அரை மணி நேரம் பேசச் சொன்னார்.

லூர்துராணி அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எம்.ஏ., எம்.ஃபில். படித்துவிட்டு எப்படி?

ஜூலை 23, புதன்

முகவரிக்கு முன்னால் பூட்டுச் சின்னம் இருந்தால் நம்பலாம் என்று சொல்வதாக இருந்தேன். லூர்துராணியின் பொய்ப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பூட்டு இருந்தது. பிழையே இல்லை. எங்கள் சுற்றறிக்கைகளைவிட நல்ல தமிழ்.

பூட்டு என்றால் வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது, அவ்வளவுதானாம். மறுமுனையில் இருப்பவன் திருடனா இல்லையா என்பது அதற்குத் தெரியாது.

ஜூலை 25, வெள்ளி

பேசி முடித்தேன். எதையும் நம்பாதீர்கள், எந்த லிங்க்கையும் தொடாதீர்கள் — சுருக்கமாக இதுதான். நூலக உதவியாளர் ஸ்டீபன்ராஜ், "அப்ப பிரின்சிபல் சார் அனுப்புற லிங்க்கு?" என்றார். "அதையும்தான்" என்றேன். சிரித்துக் கைதட்டினார்கள். வஹீதா மட்டும் சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

வஹீதா கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்பது வீட்டுக்கு வந்து காபி போடும்போதுதான் உறைத்தது. பொய்க்குப் பயப்படச் சொன்னேன். உண்மையை எப்படி அடையாளம் காண்பது என்று சொல்லவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

முதல்வர் அனுப்பிய ஊழியர் விவரப் படிவம். பஸ்ஸிலேயே ஃபோனில் நிரப்பி அனுப்பியாயிற்று. தலைவலி. வேறொன்றும் இல்லை.

ஜூலை 30, புதன்

வஹீதாவின் மகள் ஷஹனாஸ் நூலகத்துக்கு வந்தாள். ப்ளஸ் டூ முடித்த பிள்ளை. முகம் வீங்கியிருந்தது.

"ஆன்ட்டி, எங்கம்மா என் ஃபோன பீரோல வச்சுப் பூட்டிட்டாங்க."

பொறியியல் கலந்தாய்வில் அவள் கேட்ட சிவில், அவள் கேட்ட அரசுக் கல்லூரியிலேயே கிடைத்திருக்கிறது. வெள்ளி மாலைக்குள் தளத்துக்குள் போய் 'ஏற்கிறேன்' என்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். எஸ்.எம்.எஸ்ஸில் ஒரு லிங்க் வந்திருக்கிறது, வாட்ஸாப்பில் ஒன்று. இரண்டும் ஒரே மாதிரிப் பக்கம். எது நிஜம்? வஹீதா இரண்டையும் தொடவிடவில்லை. உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் லைனே கிடைக்கவில்லை.

பின்னாலேயே வஹீதா வந்தார். "பாஸ்வேர்ட எவனாவது எடுத்துக்கிட்டு வேற காலேஜ மாத்திப் போட்டா யாருகிட்ட போய் நிக்கிறது? நீங்கதானே மேடம் சொன்னீங்க, எதையும் தொடாதீங்கன்னு."

"தொடாமயே சீட்டு போயிடும்மா," என்றாள் ஷஹனாஸ். "அப்புறம் நீங்க நிம்மதியா பீரோவத் திறங்க."

வஹீதா கையை ஓங்கிவிட்டு இறக்கினார். நூலகத்தில் எல்லோரும் பார்த்தார்கள்.

நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்? கைதட்டல் வாங்கினேனே. பயத்தைச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போதும். இப்ப அந்தப் பொண்ணோட சீட்டு என் வாயால போகப்போகுது. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். எதை?

ஜூலை 31, வியாழன்

காலையில் காவிரிப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆடிப்பெருக்கு, அம்மா மண்டபம் படித்துறைக்கு இப்போதே கூட்டம். வேறு வேலையில்லாமல் பாலத்து முனையில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸைப் படித்துக்கொண்டிருந்தேன். பெரிய பெரிய தலைவர்களின் முகங்கள், அடுக்கடுக்காகப் பட்டங்கள். மேலே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பேனர் இருப்பதே தெரிந்திருக்காது. அடியில் மூலையில் 'இவண்' என்று போட்டு ஒரு பெயர். வைத்தவர் அவர்தான். யார் படத்தை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். வைத்தவர் யார் என்றால் 'இவண்' பார்க்க வேண்டும். இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும்.

இணைய முகவரியில் 'இவண்' எங்கே இருக்கிறது?

நூலகத்துக்குப் போய்த் தேடிப் படித்தேன். ஒன்றை நம்பாமல் மூன்று இடத்தில் பார்த்தேன். இருக்கிறது. ஆரம்பத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட வேண்டும். அப்புறம் முதல் ஒற்றைச் சாய்கோடு வரும்வரை போக வேண்டும். அங்கே நின்று திரும்பிப் பார்த்தால், கோட்டுக்கு முன்னால் கடைசியாக இருக்கும் பெயர், அதன் டாட் காம், டாட் இன் வாலோடு — அதுதான் தளத்துக்குச் சொந்தக்காரர். அதற்கு முன்னால் அரசு, தமிழ்நாடு, கலந்தாய்வு என்று எதை வேண்டுமானாலும் யாரும் ஒட்டிக்கொள்ளலாம். கோட்டுக்குப் பின்னாலும் அப்படியே. அவை தலைவர் படங்கள்.

ஆனால் சொந்தக்காரர் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. அவரை நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதை முகவரி சொல்லாது.

மதியம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். வஹீதா உடனே பிடித்துக்கொண்டார். "அந்த இவண நான் எதோட ஒத்துப் பாக்கறது மேடம்?"

"விண்ணப்பம் போட்டப்ப பிரின்ட் எடுத்தீங்கல்ல, அதுல தளத்தோட பேர் இருக்கும். ரெண்டு லிங்க்கையும் தொடாதீங்க. அதப் பாத்து நீங்களே டைப் பண்ணுங்க. ஃபோன்ல முகவரி பாதிதான் தெரியும், அத அழுத்துனா முழுசா வரும்."

"அவ அத்தாகிட்ட ஒரு வார்த்த பேசிட்டு..."

அவள் அப்பா குவைத்தில். ஷஹனாஸ் கண்ணை மூடிக்கொண்டாள். இருவரும் ஒன்றும் முடிவு சொல்லாமல் போனார்கள். நாளை மாலை வரைதான் நேரம்.

நான் சொன்னது சரிதானா? திரும்பத் திரும்பப் படித்தேன். சரிதான். செய்வார்களா என்பது வேறு.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

காலையில் வஹீதாவின் நாற்காலி காலி. ஃபோன் செய்யலாம் என்று எடுத்து, வைத்துவிட்டேன். பதினொரு மணிக்கு மேல்தான் வந்தார்.

"விடியக்கால சுபுஹு தொழுதுட்டு உக்காந்தோம் மேடம். நான் பிரின்ட்டப் பாத்து வாசிச்சேன், அவ அடிச்சா. கோடு வரைக்கும் போயி திரும்பிப் பாத்தோம். அதே பேருதான். ஏத்துக்கிட்டதா பதிலும் வந்துருச்சு, அல்ஹம்துலில்லாஹ்." பிறகு, "எஸ்.எம்.எஸ்ல வந்தது நிஜம். வாட்ஸாப்ல வந்ததுக்கு இவண் வேற எவனோ."

ஷஹனாஸின் அத்தா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அவருக்கு இன்னும் சொல்லல."

மூன்று மணிக்கு முதல்வர் என்னைக் கூப்பிட்டார். வஹீதா அங்கே நின்றுகொண்டிருந்தார். ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் கேட்கிற அந்த ஊழியர் விவரப் படிவத்தை அவர் மட்டும் இன்னும் நிரப்பவில்லையாம்.

"இதுல இவண் நம்ம காலேஜ் இல்ல சார்."

"அது நான் அனுப்பினதும்மா."

"அனுப்புனது நீங்க சார். வாங்கிக்கிறது யாருன்னு தெரியலையே."

முதல்வர் என்னைப் பார்த்தார். நான் அவர் திரையில் இருந்த முகவரியை, கோடு வரைக்கும் போய், திரும்பிப் படித்தேன். கேள்விப்படாத பெயர். சுலபமாக இருக்கிறது என்று அலுவலகத்தில் யாரோ எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். யார் நடத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை.

மாலைக்குள் அந்தப் படிவத்தை எடுத்துவிட்டார்கள். இனிமேல் காகிதத்தில் கொடுத்தால் போதும். அதற்குள் எத்தனை பேர் நிரப்பிவிட்டார்கள் என்று முதல்வர் கேட்டார். வஹீதாவைத் தவிர எல்லோரும். லூர்துராணி. ஸ்டீபன்ராஜ். நான்.