ரிப்பனில் ஓடிய வளையல்

அக்கா, இதை யாரிடமும் காட்டிவிடாதே. காட்ட நீ இல்லை என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

உன் கண்ணாடி வளையலைப் போட்டுக்கொண்டுதான் எழுதத் தொடங்கினேன். குளிரில் கை நடுங்க, அது மேசையில் பட்டு ஓயாமல் சத்தம் போட்டது. அடுத்த அறையில் அம்மாவுக்குக் கேட்குமோ என்று கழற்றி வைத்துவிட்டேன்.

இதே வளையலை என் பள்ளி ரிப்பனில் கோத்து ஓட்டிக் காட்டினாய். ரிப்பன்தான் மலேரியாக் கிருமியின் டிஎன்ஏ. வளையல், அதைச் சுற்றிக்கொள்ளும் புரதம். டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதி, வழுக்கி விழாமல் அந்த வளையத்தைப் பற்றிக்கொண்டுதான் ஓடுமாம்.

"நம்ம உடம்புலயும் இதே மாதிரி ஒண்ணு கீதுடி. கிருமியோடது கொஞ்சூண்டு வேற. அந்தக் கொஞ்சூண்டத்தான் நாலு வருசமா தேடிகினு கீறேன்."

"கெடச்சா?"

"அதோட வளையத்த மட்டும் ஒடைக்கலாம். நம்மளுது பத்திரம்."

"வளையல் தேடவாடி உனுக்குப் பிஎச்டி?" என்றாள் அம்மா சமையலறையிலிருந்து. எப்படிச் சிரித்தோம்!

பிறகு வானகரம் சர்வீஸ் ரோட்டில் அந்த லாரி உன்மேல் ஏறியது. அன்றிலிருந்து நான் இருமினால்கூட அம்மா எழுந்து உட்காருகிறாள்.

சேக்காட்டில் நம் தெருவில் மழைத் தண்ணீர் தேங்கிய பிறகு எனக்கு மலேரியா வந்தது. நர்ஸ் பதினான்கு நாள் மாத்திரை கொடுத்தார். நான்காம் நாளே காய்ச்சல் விட்டது. மாத்திரை வயிற்றைப் புரட்டியது, தேர்வு வேறு. மீதிப் பத்தையும் ஜியாமெட்ரி பாக்ஸில் ஒளித்துவிட்டு, தினமும் "போட்டுட்டேம்மா" என்று பொய் சொன்னேன்.

இன்று மாலை குளிர் திரும்பி வந்தபோதுதான் நீ எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது: "காய்ச்சல் வுட்டா கிருமி செத்துட்ச்சினு நெனைக்காத. ஈரல்ல தூங்கிகினு இருக்கும்."

எனக்குள் இப்போது எத்தனை வளையங்கள் ஓடுகின்றனவோ. ஒன்றைக்கூட என்னால் நிறுத்த முடியாது. நீ தேடியதும் பாதியிலேயே நிற்கிறது. இந்தப் பத்து மாத்திரையை இனிமேல் போடலாமா, கூடாதா, அதுவும் தெரியாது. அம்மாவிடம் சொல்லப் பயம், அவளுக்கு நான் ஒருத்திதான் மிச்சம். சொல்லாமலிருக்கவும் அதனால்தான் பயம்.

அம்மா கதவைத் தட்டுகிறாள்.

"பாப்பா, அக்கா வளையல் சத்தம் கேட்டுச்சே... தொறடி."

மாத்திரைகளை இடக்கையில் எடுத்துக்கொண்டேன். அக்கா, அவளிடம் சொல்ல முதல் வார்த்தை என்ன