நேற்று மைதானத்தில் ஒரு கல்லும் விழவில்லை

என்னங்க,

நீங்கள் இருந்தவரை இந்த ஒரு சொல்லால்தான் உங்களைக் கூப்பிட்டேன். கடிதத்திலும் அதையே எழுதுகிறேன். பெயர் சொல்லி எழுத இப்போதும் கை வரவில்லை.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நேற்று மேட்ச் நடந்து முடிந்தது. தோற்றுப்போனோம். ஆனால் ஒரு கல் விழவில்லை, ஒரு செருப்புப் பறக்கவில்லை, கயிற்றைத் தாண்டி ஒரு கால் உள்ளே போகவில்லை. சங்கம் பிழைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்தபோதுதான், இத்தனை நாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

சங்கத்தின் ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி எழுதித் தரும்படி தலைவர் சுப்பையா அண்ணன் கேட்டார். உங்களைப் பற்றி ஊருக்கு நான் என்ன சொல்ல? அவருக்கே கடிதமாக எழுதிவிடுகிறேன், மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களும் இதைப் படிப்பார்கள் அல்லவா? அவர்களுக்குச் சங்கம் பிறந்த கதை தெரியாது. ஸ்ரீரங்கத்துக்கும் ஜங்ஷனுக்கும் நடுவே ஓடும் பஸ்ஸில் நீங்கள் கண்டக்டர். நாள் முழுக்கக் காவேரிப் பாலத்தைக் கடந்துகொண்டே இருப்பீர்கள். டிக்கெட் கொடுக்கிற கையாலேயே ஆளும் சேர்த்தீர்கள். பூக் கட்டுகிறவர், வாழைக்காய் மண்டிக்காரர், கோர்ட் குமாஸ்தா, பாலக்கரைத் தையல்காரர் என்று ஒருவரையும் விட்டதில்லை.

"ஞாயித்துக்கிழமை வாங்க சார், நம்ம டீம் ஆடுது" என்பீர்களாம்.

"நம்ம டீம்னா, யாரோடது?"

"உங்களுதுதான் சார். சந்தா குடுத்தா உங்களுது."

இரண்டு கரையிலும் ஆள் சேர்ந்ததால் இருகரைச் சங்கம் என்று பெயர் வைத்தீர்கள். முதலாளி கிடையாது, புரவலர் கிடையாது. பார்க்க வருகிறவர்களே சொந்தக்காரர்கள். பந்து வாங்குவதா, புது ஆளைச் சேர்ப்பதா, எதுவானாலும் கூடிப் பேசிக் கை தூக்கி முடிவு செய்ய வேண்டும். பணக்காரராக இருந்தாலும் ஒரு கைதான்.

எனக்குப் பந்தாட்டம் என்றால் அழுக்குத் துணிதான். ஞாயிறு மாலை நீங்கள் மூட்டையாகக் கொண்டுவந்து போடும் நீலச் சட்டைகளை ஊறவைத்துத் துவைத்து, கிழிந்ததைத் தையல் மெஷினில் கொடுத்து ஒட்டுப்போட்டு வைப்பேன். ஆடுகிறவர்களில் ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. யாருக்கு முழங்கை கிழியும், யார் காலரைக் கடிப்பவர் என்பது மட்டும் தெரியும்.

மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோன பிறகும் மூட்டை வந்துகொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒருநாள் மூட்டையோடு சுப்பையா அண்ணனே வந்தார். திருவானைக்காவலில் சைக்கிள் கடை வைத்திருப்பவர், உங்களுக்குத்தான் தெரியுமே, சுற்றி வளைத்துப் பேசமாட்டார்.

"தங்கச்சி, கமிட்டியில அவர் எடம் காலியா கெடக்கு. நீங்க வரணும்."

"பந்து எந்தப் பக்கம் போனா கோலுன்னுகூட எனக்குத் தெரியாதுண்ணே."

"கமிட்டியில பாதிப் பேருக்கு அது தெரியாதும்மா."

சிரித்துவிட்டேன். நீங்கள் போன பிறகு அன்றுதான் முதல் தடவை சிரித்தேன். ஆனாலும் வரமாட்டேன் என்றே சொல்லி அனுப்பினேன். ஏற்கெனவே தெருவில் பேச்சுக்குக் குறைவில்லை. புருஷன் போன வீட்டில் பந்தாட்டச் சட்டை காய்கிறது என்று எதிர்வீட்டில் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

பிறகு அந்த ஐப்பசி ஞாயிறு வந்தது. ஆட்டம் முடியப் போகிற நேரம். நம் டீம் பையன் ஒருவன் பந்தை உள்ளே அடித்துவிட்டான், கூட்டம் துள்ளிக் குதித்திருக்கிறது. நடுவர் விசில் ஊதி ஆஃப்சைடு, எதிர் டீமின் கடைசி ஆளைத் தாண்டி நின்றுவிட்டான், கோல் கிடையாது என்று சொல்லிவிட்டார். கூட்டத்திலிருந்து ஒரு கல் பறந்தது.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று மாலை எனக்கு வந்தது வழக்கமான மூட்டைதான். பிரித்தால், கோல்கீப்பர் சட்டையின் தோளில் ரத்தம். பதறிப்போய் விசாரித்தேன். "நம்ம பசங்களுக்கு ஒண்ணும் இல்லைக்கா" என்று மூட்டை கொண்டுவந்தவர் சொன்னார். அப்படியானால் இது யாருடைய ரத்தம்? சோப்பு போட்டேன், உப்புப் போட்டு ஊறவைத்தேன். கறை போகவில்லை. அந்தச் சட்டைதான் என்னைச் சங்கக் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனது.

ஜில்லா பந்தாட்டச் சங்கத்திலிருந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த மேட்ச்சில் ஒரு சின்னத் தகராறு நடந்தாலும் நம்மைப் போட்டியிலிருந்தே எடுத்துவிடுவார்களாம். திருவானைக்காவல் பள்ளிக்கூடத்து முற்றத்தில் எல்லோரும் கூடியிருந்தோம். மில் முதலாளி ஒருவரும் வந்திருந்தார். நல்ல மனிதர்தான். குரலை உயர்த்தாமல் பேசினார்.

"சங்கத்தை என்கிட்ட விட்டுடுங்க. மைதானத்தைச் சுத்திச் சுவர் எழுப்புறேன், காவலுக்கு ஆள் போடுறேன். நீங்க டிக்கெட் வாங்கிட்டு வந்து நிம்மதியா உக்காந்து பாருங்க. இத்தனை பேரு சொந்தக்காரங்களா இருந்தா யாருங்க யாரைக் கண்டிக்கிறது?"

நிறையத் தலைகள் ஆடின. எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது. அப்போது ஒருவர் எழுந்து, "கல்லெறிஞ்சவன் யாரோ வெளியாளுங்க, நம்ம ஆளே இல்லை" என்றார். ஆமாம் ஆமாம் என்று ஆளாளுக்கு அதைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. கடைசி வரிசையிலிருந்து எழுந்து பையிலிருந்த சட்டையை விரித்துக் காட்டினேன்.

"இது யாரோட ரத்தம்னு எனக்குச் சொல்லுங்க."

"ரெஃப்ரியோடதும்மா" என்றார் சுப்பையா அண்ணன். "லால்குடிப் பள்ளிக்கூடத்துல டிரில் மாஸ்டர். கீப்பர்தான் ஓடிப்போய்த் தாங்கிப் பிடிச்சான்."

"அவருக்கு இப்ப எப்படி இருக்கு? யாராச்சும் போய்ப் பார்த்தீங்களா?"

இல்லை என்று சுப்பையா அண்ணன் தலையசைத்தார்.

"ஜெயிச்சா நம்ம டீமுங்கிறோம். கோல் போட்டா நம்ம கோலுங்கிறோம். கல்லு மட்டும் வெளியாளோடதா? சங்கம் நம்மளுதுன்னா அந்தக் கல்லும் நம்மளுதுதானேங்க?"

உட்கார்ந்துவிட்டேன். சட்டையை மடித்துப் பையில் வைத்தேன். முன்வரிசையில் ஜட்கா வண்டிக்கார ஆறுமுகம் எழுந்து நின்றார். பெரிய மீசையும் இடி மாதிரிக் குரலும் உள்ள மனிதர். அன்று குரல் கீழே கிடந்தது.

"நான்தாங்க எறிஞ்சேன்."

அவரை நீக்கு, இப்போதே நீக்கு என்று ஒரே கூச்சல். உங்கள் பஸ்ஸில் முதன்முதலாகச் சேர்ந்தவர்களில் அவரும் ஒருவராமே? அது எனக்கு அப்போது தெரியாது. நின்றுகொண்டே அழுதவரைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

"அவரை அனுப்பிட்டா நம்ம கை சுத்தமாயிடுமா? போறதுன்னா எல்லாருமே லால்குடிக்குப் போவோம்" என்றேன்.

மில் முதலாளி புன்னகைத்தார். "போய்ட்டு வாங்க. அடுத்த மேட்ச்சும் முடியட்டும். அப்புறமா முடிவு சொல்லுங்க."

மறு ஞாயிறு காலை ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் நம் ஆட்களால் நிறைந்துவிட்டது. பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். லால்குடியில் இறங்கி டிரில் மாஸ்டர் வீடு இருக்கும் தெருவுக்குள் திரும்பினோம். தெரு நெடுக நெல் காயப்போட்டிருந்தார்கள். மிதித்துவிடாமல் ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். இத்தனை ஆண்கள் வாய் பேசாமல் வரிசையாக வந்தால் பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? அடுத்தடுத்துக் கதவுகள் சாத்தப்பட்டன. டிரில் மாஸ்டர் வீட்டில் உள்தாழ்ப்பாளே போட்டுவிட்டார்கள்.

மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் போய்க் கதவைத் தட்டினேன்.

"யாரு?" பெண்குரல்.

"ஸ்ரீரங்கத்துலேர்ந்து வரோங்க. மாஸ்டரைப் பார்க்கணும்."

"அவரு ஊர்ல இல்லை."

உள்ளே ஓர் ஆண் இருமினார்.

"அம்மா, எங்க வீட்டுக்காரர்தான் இந்தச் சங்கத்தை ஆரம்பிச்சவரு. தவறிப் போயிட்டாருங்க. உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்காருன்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தோம். கதவைத் தெறக்க வேணாம். வாயால சொன்னாப் போதும்."

தாழ்ப்பாள் மெதுவாக விலகியது. என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. பஸ் பழுதாகி நீங்கள் வீடு திரும்ப நேரமான நாட்களில் வாசலில் நின்ற என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"அன்னிக்கு ரத்தத்தோட வந்து நின்னாருங்க" என்றாள். "இனிமே அந்த விசிலைத் தொடவே கூடாதுன்னு சொல்லிட்டேன்."

அவளுக்குப் பின்னால் டிரில் மாஸ்டர் வந்து நின்றார். ஒல்லியான மனிதர், நெற்றியில் பிளாஸ்திரி. ஆறுமுகம் முன்னால் வந்து கை கூப்பினார். "என்னை மன்னிச்சுக்குங்க ஐயா. அடிச்சது நான். நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன்" என்று கரகரத்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா ஐயா, அது ஆஃப்சைடு இல்லீங்க" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. சுப்பையா அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். மாஸ்டர் ஆறுமுகத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாசலில் இறங்கி, ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட்டார்.

"இங்க உங்க ஆளு. இங்க அவங்க கடைசி ஆளு. பந்து கிளம்பினப்ப இவன் எங்க நிக்கிறான்?"

"இன்னும் கொஞ்சம் பின்னாடிங்க ஐயா."

"நீ எங்கேர்ந்து பார்த்தே?"

"வேப்பமரத்தடியிலேர்ந்துங்க."

"நான் பக்கத்துலேயே நின்னேன்ப்பா."

கூட்டம் மொத்தமும் அந்தக் கோட்டைச் சுற்றிக் குனிந்துவிட்டது. ஆளுக்கொரு கட்சி. யாரோ சிரித்தார்கள், பிறகு மாஸ்டரும் சிரித்தார். சாத்தின கதவுகள் திறந்தன. "இவ்வளவு பேரு வெயில்ல நிக்கிறாங்களே" என்று அவர் மனைவி உள்ளே ஓடினாள். பக்கத்து வீடுகளிலிருந்தும் மோர் வந்தது. நாங்கள் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த மேட்ச்சுக்கு அவரு வரட்டும். ஆனா நானும் கூட வருவேன்" என்றாள்.

அந்த வார்த்தைக்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒருவேளை மறுபடியும் ஏதாவது ஆகிவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

காவலுக்கு ஆள் எதற்கு, நாமே நிற்போம் என்று முடிவு செய்தோம். மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, அந்தந்தப் பக்கம் வழக்கமாக நிற்பவர்களில் ஒருவரையே அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பாக்கினோம். வேப்பமரத்துப் பக்கம் ஆறுமுகத்துக்கு. சிலர் முகம் சுளித்தார்கள். "அங்க நிக்கிறவங்க வேற யார் சொன்னாலும் கேக்க மாட்டாங்க" என்றார் சுப்பையா அண்ணன். அது உண்மைதான்.

நேற்று முதன்முதலாக ஓர் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தேன். ஓடுகிற பையன்களை என் ஒட்டுத் தையலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டேன். மாஸ்டரின் மனைவி என் பக்கத்தில் நின்றாள். அவள் பந்தைப் பார்க்கவே இல்லை, விசிலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் கடைசிக் கட்டம் வந்தது. நம் கோலுக்கு முன்னால் நம் டீம் பையன் கையில் பந்து பட்டுவிட்டது. விசில். மாஸ்டர் பெனால்டி புள்ளியைக் காட்டினார். கூட்டம் ஒரே உடம்பாகக் கயிற்றின் மேல் சாய்ந்தது. அவள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். நகம் பதிந்தது.

வேப்பமரத்தடியைப் பார்த்தேன். ஆறுமுகம் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்து நின்றார். இரண்டு கையையும் விரித்திருந்தார், கண்ணை இறுக மூடியிருந்தார். பந்தை உதைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மூச்சு விடுகிற சத்தம்.

"உள்ள போச்சா?" திரும்பாமலே கேட்டார்.

"போச்சுண்ணே."

"சரி. எல்லாரும் உக்காருங்க."

உட்கார்ந்தார்கள்! அத்தனை பேரும் புல்லில் உட்கார்ந்தார்கள். கடைசி விசில் வரைக்கும் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. மாஸ்டர் மைதானத்தைக் குறுக்கே கடந்து நேராக எங்களிடம் வந்தார், நெற்றியில் வியர்வையைத் தவிர ஒன்றுமில்லை. அவர் மனைவி என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். தோற்றதற்கு இவ்வளவு அழுகிறார்களே என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

அங்கேயே, அந்தப் புல்லிலேயே கை தூக்கச் சொன்னார் சுப்பையா அண்ணன். சங்கம் நம்மிடமே இருக்கட்டும் என்று தூக்கிய கைகளுக்கு நடுவே என் கையும் இருந்தது. மில் முதலாளி கோபித்துக்கொள்ளவில்லை. "சுவர் வேணும்னா சொல்லி அனுப்புங்க" என்று கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார். ஜில்லா சங்கத்துக்காரர்களும் இனிப் பயமில்லை என்று சொல்லிப் போனார்கள்.

வேறு சேதி? நம் இடதுபக்கத்து ஆட்டக்காரனுக்குக் கைலாசபுரத்துப் பெரிய தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. ஞாயிறு தவறாமல் வந்துவிடுகிறேன் அக்கா என்றான். நம் பெண் சாந்தி நன்றாகப் படிக்கிறாள், உங்களைப் போலவே சாப்பிடும்போது பேசுகிறாள். கமிட்டியில் உங்கள் இடத்தில் இனி நான்தான். எதிர்வீட்டுக்காரி இன்று காலை வாசலிலேயே நின்று கேட்டாள், அடுத்த மேட்ச்சுக்குப் பொம்பளைங்களும் வரலாமா என்று.

அந்தக் கோல் நிஜமாகவே ஆஃப்சைடுதானா? நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

வருகிற ஞாயிறு துறையூர் டீம் நம் மைதானத்துக்கு வருகிறது. இரண்டு பஸ் நிறைய அவர்கள் ஊர் ஜனமும் வருகிறதாம். அவர்களுக்குப் புளியோதரை கட்டிக் கொடுப்பது என் பொறுப்பு. ஜெயிப்போம் என்று உங்களிடம் வாக்குக் கொடுக்கமாட்டேன், அது பையன்கள் கால்களில் இருக்கிறது. ஆனால் வந்த ஜனம், ஜெயித்தாலும் தோற்றாலும், வந்தபடியே பஸ் ஏறி, சிரித்துக்கொண்டு ஊர் போய்ச் சேரும். கடைசி ஆள் ஏறும்வரை நான் பஸ் பக்கத்திலேயே நிற்பேன். இது என் வாக்கு.

உங்கள் மகள் சாந்தியின் அம்மா,
பங்கஜம்